மகா வைத்தியநாத சிவனவர்கள் பெயர் பெற்ற வரலாறு

இசைவல்லோர் பலருடைய இயற்பெயர் உலகினரால் மறக்கப்பட்டு, அப்பெயருக்கு முன்னே பிறர் சேர்த்த அடைமொழியே நிலைபெற்றிருத்தலை யாவரும் அறிவர். நம்முடைய சமய நூல்களிலும் இதற்கு உதாரணம் உண்டு. திருநீலகண்டர் என்னும் நாயனார்கள் இருவராதலின், திருஞானசம்பந்தமூர்த்தி நாயனாரோடு உடன்சென்று யாழ் வாசித்தவரை யாழ்ப்பாணர் என்று சேர்த்துச் சொன்னாலன்றிக் கேட்போர் தெளியமாட்டார். மருணீக்கியார் திருவதிகையிலே நாவுக்கரசர் ஆயினதும், நம்பியாரூரர் திருவெண்ணெய்நல்லூரிலே வன்றொண்டர் ஆயினதும் பெரியபுராணம் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கு யாம் எடுத்துச் சொல்ல வேண்டுவனவல்ல.

பிற்காலத்துச் சங்கீத வித்துவான்களிடத்து இவ்வழக்கம் மிகப் பெருகியது. தஞ்சையிலே மகாராட்டிர அரசர் காலத்தில் ஒரே சபையில் ஒரே பெயருடையார் பலர் கூடினமையால், அவரவர் வல்ல துறையைக் கொண்டு பெயரிட்டழைத்தல் வேண்டப்பட்டது. பல்லவி பாடுதலிற் சிறந்த கோபாலையர் பல்லவி கோபாலையராயினார். சங்கராபரண இராகத்தை விரித்துப் பாடிய நரசையர் சங்கராபரணம் நரசையராயினார். தோடி சீதாராமையரைப் பற்றிச் செவிவழியாக வரும் கதை ஒன்றுண்டு. அவர் பொருள்முடையினால் வருந்தித் தமக்குரிய தோடி இராகத்தையே கடன்கொடுத்தவனிடம் ஈடுவைத்தனர் என்றும், அதன்பின் அரசர் முன்னிலையில் அவ்விராகத்தைப் பாடாது விட்டனர் என்றும், காரணம் வினாவி அறிந்த அரசர் பொருள் கொடுத்து அதனை மீட்டனர் என்றும் சொல்லுவர். நிலம் ஈடுவைப்பாரும் நகை ஈடுவைப்பாரும் உளர். இராகத்தை ஈடாக ஏற்றுக்கொண்ட அக்கடன்காரனே அவருடைய வித்துவத்தை நன்கு மதித்தவன் எனலாம்.

கனம் கிருஷ்ணையர் பெயர் வந்த வகை வேறு. பொப்பிலியிலிருந்து கேசவையர் என்னும் வித்துவான் தஞ்சைக்கு வந்து கனமார்க்கம் என்னும் அரிய முறையிலே பாடிக் காட்டினர். அதனைக் கற்றுக்கொள்ள வல்லார் இங்கு உளரோ என்னும் வினா எழுந்தபோது, கிருஷ்ணையர் அதனை மேற்கொண்டு கடுமையாகச் சாதகம் செய்து கைவரப்பெற்றார். ஆகவே கனம் என்பது அவருடைய உழைப்பைக் காட்டும் பெயர். அவர் பிற்காலத்தில் உடையார்பாளையத்துச் சமஸ்தானத்திலிருந்து பல தமிழ்ப் பதங்களை இயற்றினார்.

ஊர்ப்பெயர்களிலும் ஒரு வேடிக்கை உண்டு. பட்டணம் சுப்பிரமணியையர் (1845 - 1902) பிறந்தது திருவையாற்றிலே. சென்னப்பட்டணத்திற் சிலகாலம் வசித்தமையால் அவருக்குப் பட்டணம் என்னும் பெயர் வாய்த்தது. பேகடை இராகத்தை அவர் பாடும் அருமை நோக்கிப் பேகடை சுப்பிரமணியையர் என்றும் அவரைச் சொல்லுவர். அவருடைய மாணாக்கராகிய இராமநாதபுரம் ஸ்ரீநிவாச ஐயங்காருக்கோ பூச்சி என்னும் பெயரே நிலைத்துவிட்டது. பாடசாலைகளிலே பிள்ளைகள் ஒருவருக்கொருவர் பட்டப்பெயரிடுதலை உபாத்தியாயர்கள் கண்டிக்கிறார்கள். கண்டித்தும் அது நிற்பதில்லை. பெரிய வித்துவான்களுக்கே இங்ஙனமாயின் பிள்ளைகளை நோவதெப்படி?

மேற்கூறிய பெயர்களெல்லாம் துறையையோ, இராகத்தையோ, ஊரையோ சுட்டி நிற்பன. இவற்றுள் எவ்வகையினும் அடங்காத பெயரைத் தாங்கியவர் ஒருவரே. அவர் மகா வைத்தியநாத சிவன். அவர் பெயருக்கு முன்னும் பின்னும் நிற்கும் இரண்டு சொற்களும் அவருடைய பெற்றோர் இட்டவையல்ல. முன்னது 12 வயதிற் கிடைத்தது. பின்னதோ ஒருநாளில் ஒருவர் கொடுத்ததன்று. இவ்விரண்டின் வரலாற்றையும் அறிந்தால் அவருடைய சரித்திரத்தின் சாரம் அறியப்படும்.

சோழவளநாட்டிலே தஞ்சாவூரைச் சார்ந்த வையைச்சேரி என்னும் ஊரிலே 1844-ஆம் ஆண்டு மே மாதம் 26-ஆந் தேதி இவர் பிறந்தார். அவ்வூர் சங்கீதத்துக்குப் புதியதன்று. ஆனை, ஐயா என்னும் சகோதரர் இருவர் அவ்வூரிலிருந்து ஒன்றாகவே பாடியும் ஒன்றாகவே கீர்த்தனங்களை இயற்றியும் வந்தமையால், இருவர் பெயரும் கூடி ஆனை ஐயா என ஒருவர் பெயர் போல வழங்கலாயிற்று. அத்தகைய ஊரிலே வைத்தியநாதரும் அவர் தமையனாராகிய இராமசாமியும் இளமை தொட்டு இசை பயின்றனர். ஸ்ரீ தியாகராஜ சுவாமிகளுடைய மாணாக்கராகிய மானம்புச்சாவடி வேங்கடசுப்பையரிடத்திலே இவர் பாடங்கேட்டார். பட்டணம் சுப்பிரமணியையரும், கண்பார்வை இல்லாதவராயிருந்தும் புல்லாங்குழலிற் பெரும்புகழ் பெற்ற சரப சாஸ்திரிகளும் அவ்வாசிரியரிடத்துக் கற்றவர்களேயாவர். ஓராசிரியர் திண்ணையிலே இத்துணைப் பெயர் பெற்றார் உருவாயினமை சிந்திக்கத்தக்கது.

இனி மகா என்னும் பட்டம் வந்த வரலாற்றைக் கூறுவாம்.

தஞ்சை அரசராகிய சிவாஜி மகாராஜா 1855-ஆம் ஆண்டிலே ஆண்சந்ததி இன்றி இறந்தார். அதனோடு அவ்வரசு ஆங்கிலக் கும்பினியார் கைப்பட்டு ஒழிந்தது. அதுகாறும் அரண்மனையை நம்பியிருந்த வித்துவான்கள் வேறு புகலிடம் தேடுவாராயினர். வித்தையை ஆராய்ந்து மதித்தற்கு அரசசபை இல்லாத அக்காலத்தில், அப்பணியைச் சிற்சில சமஸ்தானங்களோடு சைவ ஆதீனங்களும் ஏற்றுக்கொண்டன. அவற்றுள் திருவாவடுதுறை ஆதீனம் தலைசிறந்து விளங்கியது. அவ்வாதீனத்துச் சின்னப்பட்டம் திருநெல்வேலிச் சீமையிலுள்ள கல்லிடைக்குறிச்சி மடத்தில் எழுந்தருளியிருத்தல் வழக்கம். அக்காலத்திற் சின்னப்பட்டமாயிருந்தவர் மேலகரம் சுப்பிரமணிய தேசிகரவர்கள். அவர் தமிழிலும் வடமொழியிலும் வல்லவர். சங்கீதத்தையும் அதன் நுட்பமறிந்து கேட்பவர்.

1856-ஆம் ஆண்டிலே, சகோதரர் இருவரும் கல்லிடைக்குறிச்சிக்குச் சென்று தேசிகரவர்கள் முன்னிலையிற் பாடினர். வைத்தியநாதருக்கு அப்போது வயது 12. அச்சபையிலே முதிர்ந்த வித்துவான்கள் பலர் இருந்தனர். அவர்களுள் இருவருக்கும் வைத்தியநாதர் என்பதே பெயர். ஒருவரை ஒருவரின் வேறுபிரித்தறிதற்பொருட்டு மூத்தவரைப் பெரிய வைத்தி என்றும் இளையவரைச் சின்ன வைத்தி என்றும் யாவரும் அழைப்பர். இருவரும் தென்னாட்டிலே பெயர் பெற்றவர். மூன்றாம் வைத்தியநாதராக வந்த சிறுவரும் அவர்களும் பாடியபோது அது போட்டியாகவே முடிந்தது. சிறுவருடைய சாரீரம் மந்தரம், மத்திமம், தாரம் என்னும் மூன்று தாயியிலும் தடையின்றிச் சென்றது. கற்பனையும் இலயமும் வயதுக்கு மேற்பட்டிருந்தன. சபையார் அவருடைய மேம்பாட்டை ஒப்புக்கொண்டனர். தேசிகரவர்கள் அவ்வித்துவான்கள் அறியவே மகா என்னும் பட்டத்தை அவருக்குச் சூட்டினார்கள்.

மகா என்னும் சொல்லைத் தெரிந்தெடுத்ததன் நயம் ஒன்று எமக்குத் தோன்றுகின்றது. பெரிய என்னும் அடையும் சின்ன என்னும் அடையும் முன்னமே இருவருக்கு வழங்கிவிட்டன. வயதினாற் சின்ன என்றற்குரிய பிள்ளை, வித்தையினாலே பெரிய என்றற்குரியவராயினார். பெரிய வைத்தியின் பெயரைப் பறித்து இவருக்குச் சூட்டுதல் முறையன்று. ஆதலின் அப்பொருளையே வடசொல்லினாலே உணர்த்தி, மூத்தவருக்கு இழுக்கின்றியும் இளையவருக்குக் குறைவின்றியும் தேசிகரவர்கள் தீர்ப்புச் செய்தார்கள் என்று கொள்ளுதல் பொருந்தும். பரிசளிப்பு நாளில் ஒரு பிள்ளையைப் புகழும்போது மற்றொரு பிள்ளையின் முகத்தைப் பார்க்க மறந்துவிடுவோர் இதனைக் கவனிப்பாராக.

இவ்வாதீனத்தின் பட்டங்கள் நம் ஈழநாட்டவர்க்கும் அந்நியமல்ல. 1849-ஆம் ஆண்டிலே நல்லூர் ஆறுமுகபிள்ளைக்கு நாவலர் என்னும் பட்டம் கிடைத்தது திருவாவடுதுறையிலே. திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம்பிள்ளையவர்கள் மகாவித்துவான் ஆயினதும் அவ்வாதீனத்திலேயே. நாவலர் என்றால் இன்றும் ஒருவரே நினைவில் வருவர். அவ்வாறே மகாவித்துவான் என்றாலும் மகா வைத்தியநாதர் என்றாலும் ஒவ்வொருவரே. அளவறிந்து ஆராய்ந்து கொடுத்தமையாலே அப்பட்டங்கள் இயற்பெயரினும் உறுதியாக நின்றன. பொன்னாடை போர்த்துந்தோறும் ஒரு பட்டம் வழங்கும் சபைகளிலே, பெற்றவர் பெயரோடு அப்பட்டம் ஒருவருடமேனும் ஒட்டியிருக்கக் காணோம்.

12 வயதிலே மகா என்று அழைக்கப்பட்ட பிள்ளையின் நிலை இரங்கத்தக்கது என்றும் ஒருபுடை சொல்லலாம். முதுமையில் வரும் பட்டம் செய்து முடித்த காரியத்துக்குக் கூலி. இளமையில் வரும் பட்டமோ செய்யவேண்டிய காரியத்துக்கு வாங்கிய முன்பணம் போல்வது. அதன்பின் எவ்வூரிற் பாடினும், எவ்வித்துவான் எதிரேயிருப்பினும், அந்த ஓரெழுத்தும் ஓரெழுத்துமாகிய சிறு சொல் அவருக்கு முன்னே சென்று உட்கார்ந்திருக்கும். ஒரு சபையிலே தளர்ந்தாலும் இழுக்குத் தமக்கு மாத்திரமன்று, கொடுத்த ஆதீனத்துக்குமாம். திருவனந்தபுரத்திலே ஆயிலியம் திருநாள் மகாராஜாவின் அவையில், அங்கே பெரும்புகழுடனிருந்த கோயம்புத்தூர் இராகவையரோடு இவர் பாடினமை சங்கீத உலகிற் பிரசித்தம். இவ்வாறு பல சமஸ்தானங்களிலே பாடியும் அப்பட்டத்துக்குக் குறைவு நேராமற் காத்தமை இவருடைய இடையறாத சாதகத்தின் பயன். திருவாவடுதுறையிலே தை மாசத்து நடக்கும் குருபூசையிலும் சென்று பாடிவந்தார். சுப்பிரமணிய தேசிகரவர்கள் பின்னர்ப் பெரியபட்டமாகி 1888-ஆம் ஆண்டு பரிபூரணமாகுங்காறும் இவரிடத்து வைத்த அன்பு குன்றவில்லை.

தமையனாராகிய இராமசாமியவர்களைப் பற்றியும் சிறிது சொல்லுதல் வேண்டும். அவர் தம்பியோடு உடனிருந்து பாடியவர். சாகித்தியஞ் செய்வதிலே வல்லவர். தம்பிக்கு மகா என்னும் பட்டம் கிடைத்தபோது தமையனுக்குப் பட்டம் எதுவும் கிடைக்கவில்லை. அதனாலே அவர் மனம் வேறுபட்டாரென்று ஒரு செய்தியும் இல்லை. அடியார்கள் சரித்திரத்தைப் பெரியபுராணக் கீர்த்தனைகளாக அவர் இயற்ற, அவற்றைப் பாடி மகா வைத்தியநாதரவர்கள் கதாப்பிரசங்கஞ் செய்தார்கள். நாவலரவர்கள் 1852-ஆம் ஆண்டிலே பெரியபுராணத்தை வசனநடையில் அச்சிட்டு, படிக்கத் தெரிந்தவர் கையிற் கொடுத்தார்கள். இவ்விரு சகோதரரும் அதனையே இசைவழியாகப் படிக்கத் தெரியாதவர் செவியிலும் சேர்த்தனர். சங்கீத சரித்திரம் எழுதுவோர் இப்பணியை ஒரு வரியிற் சொல்லிக் கடந்துவிடுகின்றனர். எம்முடைய கருத்தில் அவர்கள் செய்த பணிகளுள் இதுவே முந்தி எண்ணத்தக்கது.

இனிச் சிவன் என்னும் பெயர். இவர் பிறந்த குடியின் வழக்கப்படி வைத்தியநாதையர் என்பதே உரிய பெயர். விபூதியும் உருத்திராக்கமும் விளங்கிய திருமேனியும், சிவபூசையில் வைத்த அழுந்திய பற்றும், வாக்கிலே எந்நேரமும் சிவநாமம் வழங்கியதும் கண்டவர்கள் ஐயர் என்பதை விடுத்துச் சிவன் என்று சொல்லத் தொடங்கினர். இதற்குச் சபை கூடவில்லை; நாளும் குறிக்கப்படவில்லை. தமையனாரும் இராமசாமி சிவன் எனப்பட்டார். அக்காலத்திலேயே பத்மநாபபுரத்திலிருந்து கீர்த்தனங்கள் பாடிய நீலகண்ட சிவனும், பிற்காலத்திலே பாபநாசம் சிவன் (1890 - 1973) எனப்பெயர் பெற்ற இராமையாவும் இவ்வகையினரே. பாபநாசம் சிவனவர்களுடைய ஊர் பாபநாசமன்று. அவர் பிறந்தது போலகம். நீறணிந்து பாடிவந்த அவரைக் கண்ட ஊரவர் பாபநாசத்திலிருந்து வரும் சிவன் என்று சொல்லியது அவருக்குப் பெயராயிற்று என்பர். இசைவாணர்க்குப் பேரடையாளம் வித்தையாயிருக்க, இவர்களிடத்து உலகம் முதற்கண் கண்டது திருநீறு என்பது இப்பெயரினாலே விளங்கும்.

மகா என்னும் பெயரும் சிவன் என்னும் பெயரும் ஒன்றோடொன்று மாறுபட்ட தருணமும் அவர் வாழ்க்கையில் வந்தது. தஞ்சை அரசர் சிவாஜியின் மருமகனாராகிய சகாராம் சாகேபு என்பவரைப் புகழ்ந்து இலாவணி வேங்கடராவ் என்னும் புலவர் 72 மேளகர்த்தா இராகங்களின் பெயரும் அமையும்படி மகாராட்டிர மொழியிலே ஒரு நீண்ட பாட்டு இயற்றினர். அதற்கு இசையமைக்க வல்லார் இவரே என்று கருதி, அக்காரியத்தை இவரிடம் ஒப்புவித்தனர்.

இசை பயிலாத ஆசிரியர்களுக்காக இதன் அருமையைச் சிறிது விளக்குவாம். ஏழு சுரங்களும் முறையாக அமைந்த தாய் இராகங்கள் 72 என்று வகுத்திருக்கின்றனர். சுத்தமத்திமம் உடையன முன்னே 36. பிரதிமத்திமம் உடையன பின்னே 36. அவை ஆறாறாகப் பன்னிரண்டு சக்கரங்களில் அடங்கும். ஒரு மேளத்துக்கும் அடுத்த மேளத்துக்கும் பெரும்பாலும் ஒரு சுரமே வேறுபாடு. பெயரிலும் ஓர் உபாயம் உண்டு. வடமொழி எழுத்துக்களுக்கு எண் கொடுத்து, பெயரின் முதலிரண்டு எழுத்துக்களின் எண்களைத் தலைமாற்றி வாசித்தால் அம்மேளத்தின் இலக்கம் வரும். சங்கராபரணத்துக்கு 29 என்னும் இலக்கம் வரும்பொருட்டுத் தீர என்னும் அடையைச் சேர்த்துத் தீரசங்கராபரணம் என்றனர். அவ்வாறே 65-ஆவதாகிய கல்யாணி மேசகல்யாணி ஆயிற்று. 8-ஆவதாகிய தோடி அனுமதோடி ஆயிற்று. வித்துவான்கள் இராகத்தின் பெயரை அடையாகப் பெற்றதுபோல, இராகங்களும் தமக்கு முன்னே அடைபெற்று நிற்கின்றன. மாணாக்கருக்கு இவ்விலக்கக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தால் மிக விருப்பத்தோடு கற்பார்கள்.

இந்த 72 இராகங்களையும் ஒரே பாட்டில், ஒரே தாளத்தில், ஒன்றன்பின் ஒன்றாக, இராகத்துக்கு இராகம் உருவம் மயங்காமற் கோத்தல் எளிய காரியமன்று. அக்காலத்தில் அவற்றுட் பல ஏட்டிலே பெயராக இருந்தனவேயன்றி ஒருவர் வாயிலும் பயின்றனவல்ல. பாடப்படாத இராகத்துக்கு உருவங் கொடுத்தல், காணாத ஊருக்கு வழி வகுத்தல் போலும். சிவனவர்கள் அதனைச் செய்து முடித்தார்கள். மகா என்னும் பட்டத்துக்கு இதனினும் பெரிய சாட்சி வேண்டுவதில்லை.

ஆனால் அப்பாட்டின் சொற்களெல்லாம் ஒரு மனிதரைப் புகழ்வன. இசையோ தாம் சிவபெருமானை வழிபடும் கருவி. இவ்விரண்டும் கூடிநிற்றல் இவர் மனத்துக்கு ஒவ்வவில்லை. கொடுத்தவரோ மதிப்புக்குரிய பிரபு; பாட்டை இயற்றியவரோ புலவர்; அமைத்த இசையோ அழித்தற்கு மனம் வாராத அருமையுடையது. இந்நிலையிலே இவர் செய்தது யாதெனில், அவ்விசையமைப்பை அவ்வாறே வைத்துக்கொண்டு, சொற்களைமாத்திரம் நீக்கி, வடமொழியிலே தாமே புதிய சாகித்தியம் இயற்றித் திருவையாற்றிலே எழுந்தருளிய பிரணதார்த்திகரராகிய ஐயாறப்பர்மேற் பாடினார். 72 இராகங்களின் பெயர்களும் அச்சாகித்தியத்திலும் அமைந்துள்ளன. ஆதி தாளத்திலே, பல்லவி ஸ்ரீராகத்தில் தொடங்கி, கனகாங்கி முதலாக இரசிகப்பிரியா ஈறாகச் செல்லும் அவ்விராகமாலிகையே இன்றும் பாடப்படுவது. மகாராட்டிரப் பாட்டு ஆராய்ச்சியாளர் அறிய இருக்கின்றது; வழக்கிலோ நில்லாதொழிந்தது.

வடமொழியிற் பாடினாரே, தமிழிற் பாடலாகாதோ என்று சிலர் வினாவுவர். அது நியாயமான வினாவே. மேளங்களின் பெயர்கள் வடமொழியில் அமைந்தமையால் அவற்றைச் சொற்றொடரிற் கோத்தற்கு அம்மொழி எளிதாயிற்று என்பது ஒரு சமாதானம். தமிழர்க்கு வேண்டிய தமிழை அவர் பெரியபுராணப் பிரசங்கத்திலே குறைவின்றிக் கொடுத்தார் என்பது மற்றொன்று. இவர் செய்த வேறு கீர்த்தனங்களும் வருணங்களும் சிலவே. அவற்றிலே குகதாசன் என்னும் முத்திரை வைத்தார். உலகத்தார் மகா என்றும் சிவன் என்றும் அழைக்க, அவர் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட பெயர் முருகப்பெருமானுக்கு அடிமை என்பதேயாயிற்று.

திருவையாற்றிலே இவர் வாழ்ந்த காலத்தில் பட்டணம் சுப்பிரமணியையரும் அவ்வூரினராயிருந்தமையாற் சங்கீதங் கற்க விரும்பினோர் அங்கே வந்து கூடினர். இவரிடத்துக் கற்றவருள் உமையாள்புரம் சுவாமிநாதையர் (1867 - 1946) ஒருவர். மற்றொருவர் சபேசையர் (1872 - 1948). அவர் பின்னாளில் அண்ணாமலைச் சர்வகலாசாலையைச் சார்ந்த இசைக்கல்லூரியிலே தலைமையாசிரியராயிருந்து பலருக்குக் கற்பித்தவர். மகாமகோபாத்தியாயர் சாமிநாதையரவர்கள் இளமையிலே திருவாவடுதுறையில் இவர் பாடக் கேட்டு இன்புற்றவர். தமது முதுமையிலே இவருடைய சரித்திரத்தை எழுதி வெளியிட்டவர். அது இல்லாதிருந்தால் நமக்கு இப்பெயர்மாத்திரம் எஞ்சியிருக்கும். பெயர் வந்த வரலாறு தெரிந்திராது.

1893-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 27-ஆந் தேதி, 49-ஆம் வயது நடக்கும்போது சிவனவர்கள் சிவபதமடைந்தார்கள். தமையனார் இராமசாமி சிவன் தம்பிக்குப் பின்னும் சில வருடம் இருந்தார்.